பொம்மையோடு விளையாடிய பையன்கள்

ரிச்சர்ட் கிரீன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1987இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் ஒருவரையொருவர் வைதுகொள்ளும் ‘சிஸ்ஸி பாய்’ என்ற சொல்லையே தலைப்பில் வைத்திருந்தார். நம் பக்கத்துப் பள்ளிகளில் அந்த இடத்தில் ‘பொட்டை’ என்பார்கள். நூலுக்கு அடிப்படையான ஆய்வு 1960களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அம்மாவின் உடையை உடுத்திப் பார்க்கிற, பொம்மை வைத்து விளையாடுகிற, பெண்பிள்ளைகளோடு மட்டுமே சேர்கிற, சில சமயம் ‘நான் பெண்ணாகப் பிறந்திருக்கலாம்’ என்று சொல்கிற 66 சிறுவர்களை அவர் ஆய்வுக்குச் சேர்த்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இப்படியெல்லாம் செய்யாத பையன்கள் 56 பேர். இரு குழுவையும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்.

இந்தச் சிறுவர்கள் வளர்ந்து திருநங்கைகளாவார்கள் என்பதே தொடக்கத்தில் இருந்த எதிர்பார்ப்பு. கடைசிவரை தொடர்பில் இருந்த 44 பேரில் பாலின மாற்றத்தைப் பற்றி யோசித்தவர் ஒரே ஒருவர். ஆனால் 33 பேர், அதாவது நான்கில் மூன்று பேர், தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ கொண்ட இளைஞர்களாக வளர்ந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் எஞ்சிய 35 பேரில் அப்படி யாருமே இல்லை என்று சொல்லிவிடலாம். மனித நடத்தையைப் பற்றிய ஆய்வுகளில் இவ்வளவு அழுத்தமான முடிவு அடிக்கடி கிடைப்பதில்லை.

பிள்ளைப் பருவ நடத்தைக்கும் பிற்காலப் பாலீர்ப்புக்கும் உறவு உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அதை மறுப்பது முற்போக்கும் அல்ல, அறிவியலும் அல்ல. இந்த உறவை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறோம் என்பதில்தான் சிக்கல். வளர்ந்த ஆளிடமிருந்து குழந்தையை நோக்கிப் பின்னால் போவது ஒரு கணக்கு. கண்ணெதிரே விளையாடும் குழந்தையிடமிருந்து வரப்போகும் ஆளை நோக்கி முன்னால் போவது வேறு கணக்கு. இரண்டும் ஒன்றென்று நினைத்ததில்தான் இந்தத் துறையின் பெரும் பிழைகள் விளைந்தன. அவற்றில் சில மருத்துவமாகவே நடத்தப்பட்டன.

பின்னோக்கிப் படிப்பதற்கு வயது அதிகம். 1860களில் கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் என்ற ஜெர்மானிய வழக்கறிஞர், ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்காக முதன்முதலில் வெளிப்படையாக எழுதியவர், தம் சிறுவயதுப் பழக்கங்களையே சான்றாகக் காட்டினார். ஆணுடலில் பெண் மனம் குடியிருக்கிறது என்பது அவர் விளக்கம். இது பிறவி இயல்பென்றால் தண்டிப்பது நியாயமில்லை என்று வாதாடுவதற்காகவே அதைச் சொன்னார். மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு 1897இல் பெர்லினில் அமைத்த குழுவும் இதே வழியில் போனது. பிறகு உளப்பகுப்பாய்வு வந்தது. அது பழியைப் பிறவியிலிருந்து எடுத்துப் பெற்றோர் தலையில் வைத்தது. இர்விங் பீபரும் சக மருத்துவர்களும் 1962இல் வெளியிட்ட ஆய்வு, மகனை இறுகப் பிடித்துக்கொள்ளும் தாயும் எட்டி நிற்கும் தந்தையும் சேர்ந்தே தன்பாலீர்ப்பு ஆணை உருவாக்குகிறார்கள் என்றது. சிகிச்சைக்கு வந்த 106 பேரைப் பற்றி, அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களே நிரப்பிய கேள்வித்தாள்தான் அதற்கு ஆதாரம். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்தார்கள்.

அதைக் கீழே இறக்கியது 1981இல் வந்த ஆய்வு. கின்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆலன் பெல், மார்ட்டின் வைன்பெர்க், சூ ஹேமர்ஸ்மித் மூவரும் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தன்பாலீர்ப்பு ஆண், பெண் 979 பேரையும் எதிர்பாலீர்ப்பு ஆண், பெண் 477 பேரையும் நேர்காணல் செய்திருந்தார்கள். தாய் எப்படி, தந்தை எப்படி, உடன்பிறந்தோர் எத்தனை, முதல் பாலுறவு அனுபவம் எது என்று, அதுவரை காரணமாகச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் புள்ளியியல் வழியே பிரித்து நிறுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் பற்றிய காரணங்கள் ஒவ்வொன்றாக எடையிழந்தன. தாக்குப் பிடித்து நின்றது பிள்ளைப் பருவத்தில் பாலின வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டது மட்டும்தான். தந்தை எட்டி நின்றார் என்ற பழைய குற்றச்சாட்டுக்கும் இதில் வேறொரு வாசிப்பு கிடைக்கிறது. பந்து விளையாட வராத மகனைக் கண்டு தந்தை விலகியிருக்கலாம். விலகல் காரணமாக இல்லாமல் விளைவாகவும் இருந்திருக்கலாம்.

1995இல் மைக்கேல் பெய்லியும் கென்னத் சக்கரும் அதுவரை வந்த நினைவு ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டினார்கள். வளர்ந்த ஆண்களிடமும் பெண்களிடமும் ‘சிறுவயதில் என்ன விளையாடினீர்கள், யாரோடு சேர்ந்தீர்கள்’ என்று கேட்டு மதிப்பெண் போட்ட ஆய்வுகள் அவை. இரு பாலீர்ப்பினரின் சராசரிகளுக்கு இடையிலான தூரம் ஆண்களில் 1.31 திட்ட விலக்கம், பெண்களில் 0.96. புள்ளியியல் பழகாதவர்களுக்காக இப்படிச் சொல்லலாம். எதிர்பாலீர்ப்பு ஆண்கள் நூறு பேரை இந்த மதிப்பெண்ணின்படி வரிசையில் நிறுத்தினால், சராசரியான தன்பாலீர்ப்பு ஆண் ஏறக்குறைய 90 பேரைத் தாண்டிப்போய் நிற்பார். பெண்களில் அதே இடம் 83 பேர் அளவில் இருக்கும். உளவியலில் 0.8ஐத் தாண்டினாலே பெரிய வேறுபாடு என்று கணக்கு.

‘நினைவை நம்பலாமா?’ என்ற கேள்வி உடனே எழுந்தது. நியாயமான கேள்விதான். தான் இன்னார் என்று இருபத்தைந்து வயதில் அறிந்த ஒருவர், அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டே சிறுவயதைத் துழாவுகிறார். பொருந்துகிற நினைவு மேலே வரும், பொருந்தாதது அடியில் கிடக்கும். எதிர்பாலீர்ப்பு ஆணோ, அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆடிய பிற்பகலை மறந்தே போயிருப்பார். மறக்கவில்லையென்றாலும் கேள்வித்தாளில் எழுதமாட்டார். நம் மொழியில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. ஏ. ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா போன்ற திருநங்கைகள் தம் வாழ்க்கை வரலாறுகளில், சிறுவயதில் பெண்பிள்ளைகளின் உடையையும் விளையாட்டையும் நாடியதை எழுதியிருக்கிறார்கள். பாலின அடையாளமும் பாலீர்ப்பும் வேறு வேறு என்பது இருக்கட்டும். அந்த நினைவுகள் உண்மை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே தெருவில் அதே விளையாட்டை ஆடிவிட்டு, பிற்பாடு கல்யாணம் பண்ணிக்கொண்டு கடை நடத்தும் ஆணுக்குத் தன் வரலாறு எழுத வேண்டிய தேவையே வரவில்லை. நம் கைக்கு வந்து சேரும் கதைகள் ஏற்கெனவே சலிக்கப்பட்டவை.

நினைவைத் தவிர்க்க ஒரு கெட்டிக்கார வழியை 2008இல் கெருல்ஃப் ரீகரும் பெய்லியும் மற்றவர்களும் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க வீடுகளில் பிறந்தநாள், கிறிஸ்துமஸ் என்று வீடியோ எடுத்துக் குவித்த தலைமுறை அப்போது வயதுக்கு வந்திருந்தது. வெவ்வேறு பாலீர்ப்புடைய ஆண், பெண்களிடம் சிறுவயது வீடியோக்களை வாங்கி, அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாத பார்வையாளர்களுக்குத் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டினார்கள். ஓடுவது, உட்காருவது, பேசுவது, கையை வீசுவது ஆகியவற்றைப் பார்த்து மதிப்பிட வேண்டும். பின்னாளில் தன்பாலீர்ப்பாளரான குழந்தைகள் சராசரியாகப் பார்த்தால் பாலின வழக்கத்திலிருந்து அதிகம் விலகியவர்கள் என்றே மதிப்பீடு வந்தது. ஆண், பெண் இருபாலிலும் அப்படித்தான். இந்த வேறுபாடு மிகச் சிறிய வயதிலேயே தென்பட்டது, அவரவர் சொன்ன நினைவுகளோடும் ஒத்துப்போனது. நினைவு பொய் சொல்லிவிட்டது என்ற வாதம் அத்தோடு பெரிதும் பலமிழந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அதிகம் விலகி நடந்தவர்களே சிறுவயதில் அதிகம் ஒதுக்கப்பட்டதாக நினைவுகூர்ந்தார்கள். இதைப் பின்னால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னும் உறுதியான சான்று இங்கிலாந்தின் ஏவன் வட்டாரத்திலிருந்து வந்தது. அங்கே 1990களின் தொடக்கத்தில் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். இரண்டரை, மூன்றரை, நாலே முக்கால் வயதுகளில் குழந்தை எந்தப் பொம்மையை எடுக்கிறது, எந்த விளையாட்டை ஆடுகிறது என்று பெற்றோர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகளே பதினைந்து வயதில் தம் ஈர்ப்பைப் பற்றிக் கேள்வித்தாளில் குறித்தார்கள். கு லி, கார்சன் கங், மெலிசா ஹைன்ஸ் மூவரும் 2017இல் 2,428 பெண்கள், 2,169 ஆண்கள் பற்றிய தகவல்களைப் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டரை வயதில் உறவு மங்கலாக இருந்தது. மூன்றரையிலும் நாலே முக்காலிலும் தெளிவாகத் தெரிந்தது. இங்கே நினைவுக்கு வேலையே இல்லை. மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்ட குழந்தைகளும் அல்ல, சாதாரண வீட்டுப் பிள்ளைகள். நெதர்லாந்தில் தாமஸ் ஸ்டீன்ஸ்மா குழுவினர் 879 பேரை 24 ஆண்டுகள் தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வும் அதே திசையைக் காட்டியது.

ஆக, உறவு மெய். இப்போது முன்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கற்பனையாக ஆயிரம் சிறுவர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 30 பேர் தன்பாலீர்ப்பு ஆண்களாக வளரப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், மீதி 970 பேர் எதிர்பாலீர்ப்பினர். 1.31 என்ற அந்தப் பெரிய வேறுபாட்டை அப்படியே ஏற்போம். எதிர்பாலீர்ப்பினராகப் போகும் பையன்களில் பத்துக்கு ஒருவர் தாண்டும் இடத்தில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டியவர்களை ‘பெண்தன்மை உள்ள பையன்கள்’ என்று அழைப்போம். முதல் கூட்டத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது 15 பேர் கோட்டைத் தாண்டுவார்கள். இரண்டாவது கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் 97 பேர். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் 112 சிறுவர்களில் 97 பேர் வளர்ந்து பெண்களை விரும்பப்போகிறவர்கள். தன்பாலீர்ப்பு ஆண்களில் பாதிப் பேருக்கு இப்படியொரு பிள்ளைப் பருவம் இருந்தது என்பதும் உண்மை, இப்படியான பிள்ளைப் பருவம் உள்ளவர்களில் ஏழில் ஒருவர்கூட தன்பாலீர்ப்பினர் ஆகமாட்டார் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே எண்ணிலிருந்து பிறந்தவை. மறுபாதியை மறந்துவிடக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, கிரிக்கெட் ஆடி, சண்டை போட்டு, யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராமல் வளர்ந்த 15 பேரும் தன்பாலீர்ப்பு ஆண்கள்தான்.

அப்படியென்றால் கிரீன் கண்ட 75 விழுக்காடு? அவரிடம் வந்தவர்கள் பத்தில் ஒரு பையன் அல்லர். பெற்றோர் பயந்துபோய் மருத்துவரிடம் கூட்டிவந்த, நடத்தை மிகத் தீவிரமாக இருந்த பிள்ளைகள். கோட்டை இன்னும் தள்ளிப் போட்டால் விகிதம் ஏறும் என்பது கணக்கின் இயல்பு. வரிசையின் கடைக்கோடியில் நிற்பவர்களைப் பற்றிய எண்ணை எடுத்து, எதிர்வீட்டுப் பையன் தலையில் வைப்பதுதான் தவறு.

பெண்களுக்கு வந்தால் இந்தக் கணக்கு இன்னும் நீர்த்துப்போகிறது. ஜேனட் ஹைடும் மற்றவர்களும் 1977இல் அமெரிக்காவில் கேட்டபோது, வளர்ந்த பெண்களில் 51 விழுக்காட்டினர் தாங்கள் சிறுவயதில் ‘டாம்பாய்’ ஆக இருந்ததாகச் சொன்னார்கள். கல்லூரி மாணவியரில் அது 78 விழுக்காடு. பாதிப் பெண்கள் செய்கிற ஒன்றால் எதையும் பெரிதாக முன்னறிவிக்க முடியாது. பையன்களையும் பெண்பிள்ளைகளையும் இந்த விஷயத்தில் ஊர் நடத்தும் விதமும் வேறு. மரமேறுகிற, சைக்கிளில் பறக்கிற மகளை, ‘எனக்கு இவ ஆம்பளப் பிள்ளை மாதிரி’ என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வயதுக்கு வரும்வரை அந்தப் பெருமைக்குத் தடையில்லை. ‘என் மகன் பொம்பளப் பிள்ளை மாதிரி’ என்று பெருமைப்பட்ட அப்பாவை நான் பார்த்ததில்லை. கட்டுப்பாடு அவ்வளவு இறுக்கமாக இருந்தும் அதை மீறுகிற பையன் எண்ணிக்கையில் குறைவு, மீறலில் ஆழம். இருபாலில் கணக்கு வேறுபடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவமனைகளும் அப்பாக்களைப் போலவே நடந்துகொண்டன. பயத்தோடு அழைத்துவரப்பட்டவர்களில் பெரும்பான்மை பையன்களே. பெண்பிள்ளைகளைப் பற்றி கெல்லி டிரம்மண்டும் மற்றவர்களும் 2008இல் வெளியிட்ட கனடா ஆய்வில் மொத்தமே 25 பேர்தான்.

காரணம் என்ன என்ற கேள்வியை நான் சீக்கிரம் கடக்கப்போகிறேன். துறையே இன்னும் பாதி வழியில் நிற்கிறது. கருவில் இருக்கும்போது ஆண்மை ஹார்மோன்கள் மூளையைத் தொடும் விதம் ஒரு பங்கு வகிக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டால் கருவிலேயே அந்த ஹார்மோன் மிகுந்துபோன பெண்குழந்தைகள் கார், லாரிப் பொம்மைகளை அதிகம் விரும்புகிறார்கள். விக்கி பாஸ்டர்ஸ்கி குழுவினர் 2005இல் காட்டியபடி, அவர்களுடைய பெற்றோர் பெண்குழந்தைப் பொம்மைகளையே கூடுதலாக ஊக்குவித்தும் விருப்பம் மாறவில்லை. வளர்ந்தபின் இவர்களில் பெண்களை விரும்புவோர் விகிதம் மற்றப் பெண்களைவிடக் கூடுதல். ஆனாலும் பெரும்பான்மையோர் ஆண்களையே விரும்புகிறார்கள். மரபணு என்று போனால், ஏறத்தாழ 5 லட்சம் பேரை அலசிய 2019ஆம் ஆண்டின் ஆய்வு, பாலீர்ப்பைத் தீர்மானிக்கும் தனி மரபணு என்று ஒன்று இல்லை, மிகச் சிறு விளைவுள்ள பல உண்டு என்று முடித்தது.

சமூகப் பக்கத்திலிருந்து வந்த விளக்கங்களில் சுவையானது டேரில் பெம் 1996இல் முன்வைத்தது. உயிரியல் நேராகப் பாலீர்ப்பைத் தருவதில்லை, சுபாவத்தைத் தருகிறது என்றார் அவர். அமைதியான சுபாவமுள்ள பையன் பெண்பிள்ளைகளோடு சேர்கிறான். பையன்கள் அவனுக்கு அந்நியமாகிறார்கள். அந்நியமாக இருப்பதே பருவ வயதில் கிளர்ச்சியூட்டுவதாக மாறுகிறது. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பெண்பிள்ளைகள் பையன்களோடு ஓரளவு சேர்ந்தே விளையாடுகிறார்கள், பையன்கள் அவர்களுக்கு அந்நியரும் அல்லர், இருந்தும் அவர்களில் மிகப் பலர் ஆண்களைத்தான் விரும்புகிறார்கள் என்று விமர்சகர்கள் கேட்டதற்குத் திருப்தியான பதில் வரவில்லை. என் பார்வையில் பெம் ஒரு நல்ல கதாசிரியர்.

இது மேற்கத்தியக் கதை மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு சமோவாவைக் காட்டலாம். பசிபிக் தீவான அங்கே ஃபாஃபஃபினே என்றொரு பிரிவினர் உண்டு. ஆணுடலோடு பிறந்து, பெண்களின் வழியில் நடந்து, ஆண்களை விரும்புபவர்கள். குடும்பத்திலும் தேவாலயத்திலும் அவர்களுக்கு இடமுண்டு. நான்சி பார்ட்லெட்டும் பால் வாசியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் நினைவுகூர்ந்த சிறுவயது அமெரிக்கத் தன்பாலீர்ப்பு ஆண்கள் சொல்வதோடு அப்படியே ஒத்திருந்தது. ஃபிரெடரிக் விட்டம் அதற்கு முன்பே பிரேசில், குவாத்தமாலா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் இதே ஒற்றுமையைக் கண்டிருந்தார். சமோவா ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர்கள் சிறுவயதில் பட்ட வருத்தத்தைத் தோண்டிப் பார்த்தால், அது தன் நடத்தையைப் பற்றிய வருத்தமாக இல்லை. பெரியவர்கள் அதைத் தடுத்தபோது வந்த வருத்தமாகவே பெரிதும் இருந்தது. ஒரு ஊரில் நோய் என்று எழுதப்பட்டது இன்னொரு ஊரில் அக்கா தங்கைகளோடு செய்த வீட்டுவேலை.

நோய் என்று எழுதப்பட்ட கதைக்கு வருவோம். கிரீன் ஆய்வு செய்துகொண்டிருந்த அதே பல்கலைக்கழகத்தில், அதே ஆண்டுகளில், ஆட்டிசக் குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சியால் இன்று நம் ஊர்ப் பெற்றோர் பலருக்கும் பெயர் தெரிந்த ஐவார் லோவாஸ் இருந்தார். அவருடைய மாணவர் ஜார்ஜ் ரெக்கர்ஸ். ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனை அவர்களிடம் கொண்டுவந்தார்கள். 1974இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் அவனுக்கு க்ரேக் என்று புனைபெயர். ஆராய்ச்சி அறையில் அவன் ஆண்பிள்ளைப் பொம்மையைத் தொட்டால் அம்மா சிரிக்க வேண்டும், பெண்பிள்ளைப் பொம்மையைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வீட்டில் நீல வில்லைகள், சிவப்பு வில்லைகள். ‘ஆண்மையான’ செயலுக்கு நீலம், அதற்கு மிட்டாய் கிடைக்கும். ‘பெண்மையான’ செயலுக்குச் சிவப்பு, அதற்கு அப்பாவின் அடி. சிகிச்சை வெற்றி என்று கட்டுரை அறிவித்தது. ரெக்கர்ஸ் அந்த வெற்றியை ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டினார். பின்னாளில் தன்பாலீர்ப்பாளர்கள் குழந்தைகளைத் தத்தெடுக்கக் கூடாது என்று நீதிமன்றங்களில் நிபுணர் சாட்சியும் சொன்னார். அந்தச் சிறுவன் வளர்ந்து, தன்பாலீர்ப்பு ஆணாகவே வாழ்ந்து, 2003இல் 38 வயதில் தற்கொலை செய்துகொண்டான். அவன் குடும்பத்தார் 2011இல் அந்தச் சிகிச்சையைப் பற்றி வெளியே பேசினார்கள். கட்டுரையை வெளியிட்ட இதழ் 2020இல்தான் அதன்மீது கவலைக் குறிப்பு போட்டது. நாற்பத்தாறு ஆண்டுகள்!

ஒரு தற்கொலைக்கு ஒரே காரணத்தைக் காட்டுவது சரியல்ல, அதை நான் செய்யவில்லை. ஆனால் அந்தச் சிகிச்சையின் உள்ளே இருந்த தர்க்கத்தைப் பார்க்க வேண்டும். பெண்தன்மை தன்பாலீர்ப்புக்கு முன்னோடி, எனவே முன்னோடியை அழித்தால் பின்னது வராது என்பதே அது. ஒன்றையொன்று காரணமாகக் கொண்டவை அல்ல, இரண்டும் அடியில் கிடக்கும் வேறொன்றிலிருந்து கிளைத்தவை என்றால் இந்தத் தர்க்கம் ஒரே நொடியில் விழுந்துவிடும். அது விழுந்ததற்கு ஆதாரம் கிரீனின் நூலிலேயே இருக்கிறது. அவருடைய சிறுவர்களில் சிலர் முறையான சிகிச்சை பெற்றார்கள், பலர் பெறவில்லை. பிற்காலப் பாலீர்ப்பில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை.

1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1980இல் வந்த அடுத்த பதிப்பில் ‘பிள்ளைப் பருவப் பாலின அடையாளக் கோளாறு’ என்ற புதிய நோய் ஏறியது. இலக்கிய விமர்சகர் ஈவ் கோசோஃப்ஸ்கி செட்விக் 1991இல் எழுதிய கட்டுரை இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் கேள்வி கேட்டது. வளர்ந்த தன்பாலீர்ப்பாளருக்கு விடுதலை கொடுத்துவிட்டு, அவராக வளரக்கூடிய குழந்தையைப் பிடித்துக்கொண்டார்களா? அந்த நோய்க்கான அளவுகோலிலேயே ஓரவஞ்சனை இருந்தது. பெண்பிள்ளையென்றால், தனக்கு ஆணுறுப்பு இருக்கிறது, வளரும் என்பதுபோல் உடலைப் பற்றியே சாதித்தால்தான் நோய். பையனுக்கு உடலைப் பற்றிய அந்தச் சாதிப்பு தேவையில்லை, பெண்களின் விளையாட்டில் மூழ்கிக் கிடப்பதே அதற்கு ஈடாகிவிடும். கென்னத் சக்கரும் ராபர்ட் ஸ்பிட்சரும் 2005இல் இதற்குப் பதில் எழுதினார்கள். கள்ளத்தனமாகப் பின்வாசலால் நுழைத்தது அல்ல, நிபுணர்களின் ஆலோசனைப்படி சேர்த்தது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஸ்பிட்சர் 1973 நீக்கத்தை முன்னின்று நடத்தியவர், கிரீனும் அதற்காக வாதாடியவர். சதி எதுவும் நடந்திருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் சதி இல்லாமலே ஒரு வகைப்பாடு அந்த வேலையைச் செய்துவிட முடியும். 2013 பதிப்பில், குழந்தை வேறு பாலினமாக இருக்க வலுவாக விரும்புவதை அல்லது தான் வேறு பாலினமே என்று சாதிப்பதைக் கட்டாய நிபந்தனையாக்கிய பிறகுதான், வெறும் விளையாட்டு விருப்பம் நோயிலிருந்து தப்பியது.

இங்கே மூன்று கயிறுகள் முறுக்கிக்கொள்கின்றன. குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பது ஒன்று. தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறது என்பது இன்னொன்று. வளர்ந்தபின் யாரை விரும்புகிறது என்பது மூன்றாவது. திருநர் குழந்தைகளைப் பற்றி மேற்கில் இப்போது நடக்கும் சண்டையின் பாதி இவற்றைப் பிரிக்காததால் வருகிறது. சக்கரின் டொராண்டோ மருத்துவமனைக்கு வந்த 139 சிறுவர்களைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வு, 12 விழுக்காட்டினரிடம் மட்டுமே பாலின மனவருத்தம் நீடித்தது, ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் ஆண்களையோ இருபாலரையுமோ விரும்புகிறார்கள் என்றது. கிறிஸ்டினா ஓல்சன் குழு 2022இல் வெளியிட்டதோ நேரெதிர் எண். சமூகத்தில் தம் பாலினத்தை ஏற்கெனவே மாற்றிக்கொண்டு வாழும் 317 பிள்ளைகளில் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் அதே அடையாளத்தில் இருந்தார்கள். ஒரு தரப்பு முதல் எண்ணைத் தூக்குகிறது, மறு தரப்பு இரண்டாவதை. பழைய அளவுகோலின்படி வந்தவர்களில், தன்னை ஒருபோதும் பெண் என்று சொல்லாத, பெண்பிள்ளை விளையாட்டை மட்டும் விரும்பிய பையன்களும் இருந்தார்கள். ஓல்சனின் பிள்ளைகளோ தம் அடையாளத்தை உறுதியாகச் சொல்லி, குடும்பமும் ஏற்றுக்கொண்டவர்கள். வேறு வேறு கூட்டங்களை எண்ணினால் வேறு வேறு எண்தான் வரும்.

வீடியோ ஆய்வில் தெரிந்த அந்த ஒதுக்கலுக்குத் திரும்பலாம். ஹார்வர்டைச் சேர்ந்த ஆண்ட்ரியா ராபர்ட்ஸும் மற்றவர்களும் 2012இல் அமெரிக்க இளைஞர்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரின் தகவல்களை ஆராய்ந்தார்கள். பதினோரு வயதுக்கு முன் பாலின வழக்கத்திலிருந்து மிகவும் விலகி நடந்தவர்கள், வீட்டிலும் வெளியிலும் அடி, வசை, பாலியல் கொடுமை அனுபவித்தது மற்றவர்களைவிட அதிகம். பிற்காலத்தில் அந்தக் காயத்தின் மனநோய்க் குறிகளும் அதிகம். துன்பப்பட்ட இந்தக் குழந்தைகளெல்லாம் தன்பாலீர்ப்பினராக வளர்ந்தவர்கள் என்று நினைத்தால் தவறு. விலகி நடந்தவர்களில் 85 விழுக்காட்டினர் எதிர்பாலீர்ப்பினர். சற்றுமுன் நாம் விரலால் போட்ட கணக்கும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றது.

அடிக்கிற கைக்குப் பாலீர்ப்பு தெரியாது, நடைதான் தெரியும். ஏழாம் வகுப்பில் ‘ஒம்போது’ என்று கூப்பிடப்பட்டவனுக்குத் தான் யாரை விரும்பப்போகிறோம் என்று அந்த வயதில் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் இந்திய நீதிமன்றங்களில் அதிகம் யோசித்தது சென்னை உயர்நீதிமன்றம். இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில், 2021 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தமக்கே இதைப் பற்றிப் போதிய புரிதல் இல்லையென்று உளவியலாளரிடம் போய்க் கற்றுக்கொண்டபின் எழுதிய தீர்ப்பு அது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் சிகிச்சை அளிப்பதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. க்ரேக்குக்கு நடந்தது இங்கே ஒரு மருத்துவர் கையால் நடந்தால் கேட்க இப்போது ஒரு விதி இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு அப்படி எதுவும் எளிதில் வரவில்லை. என்சிஇஆர்டி 2021இல் ஆசிரியர்களுக்காக ஒரு பயிற்சிக் கையேட்டை இணையத்தில் ஏற்றியது. திருநர் குழந்தைகளையும் பாலின வழக்கத்துக்குள் அடங்காத குழந்தைகளையும் வகுப்பறை எப்படி நடத்த வேண்டும் என்று அது பேசியது. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் ஆட்சேபித்ததும் சில நாளிலேயே அதை எடுத்துவிட்டார்கள். அதே சுஷ்மா வழக்கில் நீதிபதி இதைக் கண்டித்தார். கையேட்டுக்கு எதிராக எழுந்த முக்கிய வாதம், அது குழந்தைகளைக் குழப்பிவிடும் என்பது. கையேடு பேசியது திருநர் குழந்தைகளைப் பற்றி மட்டுமே என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர் என்று ஒதுக்கிவிடவும் முடிந்தது. ராபர்ட்ஸின் கணக்கு சரியென்றால், அந்த வகுப்பறையில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாளை எந்தச் சிறுபான்மைப் பட்டியலிலும் வரப்போவதில்லை. அவர்களுக்காக வழக்குப் போடச் சங்கமில்லை, பேரணி இல்லை. அவர்களில் பலர் ஏற்கெனவே வளர்ந்து, கல்யாணம் ஆகி, பையனைக் கராத்தே வகுப்பில் சேர்த்துவிட்டிருப்பார்கள்.